கேட்காததும் மறந்ததும்

சதீஷின் விரலில் தறியில் குறுக்கே ஓடும் நாடா அடித்து நகம் பிளந்தது ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். விரல் ஆறிவிட்டது. அன்றைக்கு எழுந்த கேள்விதான் ஆறவில்லை.

ஆரணி கொசப்பாளையத்தில் சம்பந்தத்தின் இடம் முன்பக்கம் வீடு, பின்பக்கம் தறிக்கொட்டாய். நான்கு பவர்லூம்களில் பட்டுப் புடவை ஓடுகிறது. காலையில் மோட்டார் போட்டால் சாப்பாட்டு வேளைக்கு நிற்கும், அப்புறம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிற்கும். நடுவில் கரண்ட் போனால்தான் உண்டு. அந்தச் சத்தத்துக்குள் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கையைக் காட்டுவார்கள், தலையை ஆட்டுவார்கள், வாயை அசைப்பார்கள். வேலை அதுபாட்டுக்கு நடக்கும்.

அன்றைக்கு மூன்றாவது தறியில் பாவு இழை ஒன்று அறுந்துபோயிருந்தது. மழை ஈரத்தில் பட்டு அப்படித்தான் படுத்தும். சதீஷ் அந்தத் தறியை மட்டும் நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டு இழையை முடிந்துகொண்டிருந்தான். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் அப்பா வந்து நிற்பது தெரிந்து, திரும்பாமலே, "போட்டுறாத நைனா, கை உள்ள இருக்குது" என்று கத்தினான். சம்பந்தம் தலையாட்டினார். அவர் தலையாட்டியதை, எதிரே உட்கார்ந்து ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாள் கண்ணால் பார்த்தாள். ஆட்டிய தலை நிற்பதற்குள் அவர் கை போய்த் தறியை ஓட்டுகிற பிடியைத் தள்ளிவிட்டது.

விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சதீஷ் சொன்னான்: "நாளையிலருந்து நைனா கொட்டாய்க்குள்ள வரக்கூடாது."

"நீ சொல்லவே இல்லியேடா" என்றார் சம்பந்தம். முகம் கருத்துப்போயிருந்தது.

"சொன்னேன். நீ தலையாட்டுன."

"நானா?"

"அம்மாவக் கேளு."

கிருஷ்ணம்மாள் பொய் சொல்லவில்லை. "ஆட்டுனீங்க. நான் பாத்தேன்" என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "எனக்கு ஒண்ணுதான் புரியல. காதுல உழாமயே தலையாட்டுனாரா, இல்ல கேட்டுட்டு அப்பவே மறந்துட்டாரா?"

"எதுவா இருந்தா இன்னாம்மா? வெரலு போனா போனதுதான்."

"எதுவா இருந்தா இன்னாவா? ரெண்டுத்துக்கும் வேற வேற டாக்டரு இல்ல?"

கிருஷ்ணம்மாளின் சுபாவம் அது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மடியில் பை இருந்தால் உள்ளே என்ன என்று இறங்குவதற்குள் தெரிந்துகொண்டுவிடுவாள். ரேஷன் கடையில் பருப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்பாள். "உன்னப் போலீசுல சேத்திருந்தா ஊருல திருட்டே இருந்திருக்காது" என்பார் சம்பந்தம். அவர் கொஞ்ச காலமாக அப்படியெல்லாம் பேசுவதில்லை என்பதே அப்போதுதான் அவளுக்கு நினைவில் தட்டியது. பேச்சு குறைந்திருந்தது. பத்து பேர் இருக்கிற இடத்துக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறார். வாங்கி வரச் சொன்னது ஒன்று, வாங்கி வருவது ஒன்று. வயசாகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகள் தீபா செய்யாறில் ஒரு செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். போகவர கம்பெனி பஸ்ஸில் போன் பார்க்கிற நேரம்தான் அவளுக்கென்று இருக்கிற நேரம். ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள்:

"அத்தே, ஒரு நியூஸ் பாத்தேன். மறதி நோயப் பத்தி. வயசு மட்டும் காரணம் இல்லியாம். பிரஷரு, சக்கர, சிகரெட்டு, யாராண்டயும் பேசாம ஒண்டியாக் கெடக்கறது, இதெல்லாம் இருந்தா அது வர்ற வாய்ப்பு ஜாஸ்தியாம். அதுல காது கேக்காததும் ஒண்ணாம்."

"காது போனா மறதி வந்துரும்ன்றாங்களா?"

"வந்துரும்னு சொல்லல. வாய்ப்பு கூடுதாம். காதச் சரி பண்ணிகினா கொறையலாமாம்."

"லாம்னா?"

"லாம்னா லாம்தான் அத்தே. நிச்சயமாச் சொல்லல."

சதீஷ் உள்ளிருந்து குரல் கொடுத்தான். "போன்ல வர்றதெல்லாம் நம்பாத. அன்னிக்கு வெறும் வயித்துல தேங்கா எண்ண குடிச்சா மூள வளரும்னு வந்துச்சே, அது மாதிரிதான்."

"அது யாரோ அனுப்புனது. இது ஒரு டாக்டரம்மா பேரு சொல்லி, ஆஸ்பத்திரி சொல்லிப் பேசறாங்க. கீரை துன்னா சரியாயிடும், மருந்து இருக்குதுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்கன்னு அவங்களே சொல்றாங்க."

கிருஷ்ணம்மாள் அன்று காலைதான் மார்க்கெட்டில் இரண்டு கட்டு வல்லாரை வாங்கி வந்து அலசி வைத்திருந்தாள். அதைப் பார்த்தாள். "கீரை உடம்புக்கு நல்லதுதான், துன்னட்டும்" என்று சொல்லித் துவையல் அரைத்தாள். சம்பந்தம் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா இது, இப்டிக் கசக்குது" என்று தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

மறுநாளும் மழை. மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தறிகள் நின்றதும் தெருவே மூச்சை விட்டது போலிருந்தது. சம்பந்தம் முன்னறையில் நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணம்மாள் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"காபி போடட்டா?"

பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். மழைதான் பதில் சொன்னது. முன்னால் வந்து நின்றாள். இந்த முறை தொண்டையிலிருந்து ஒரு துளி சத்தம்கூட எழுப்பாமல், வெறும் வாயை மட்டும் அசைத்தாள்: காபி?

"கொஞ்சமாக் குடு. சக்கர கம்மியா" என்றார் சம்பந்தம்.

அவள் மறுபடி பின்னால் போனாள். "வீடு தீப்புடிச்சிகினு எரியுதுங்க" என்றாள். அவர் அசையவில்லை. முன்னால் வந்து சத்தமில்லாமல், "தூத்தல் உட்டுச்சா?" என்றாள். "எங்க உடுது, இன்னும் போட்டுகினுதான் கீது" என்றார்.

சாயங்காலம் தீபா பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்துக்கே குடை பிடித்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "அவரு காதால கேக்கலடி. கண்ணாலதான் கேட்டுகினு இருக்காரு. எவ்ளோ வருஷமாவோ! கொட்டாயில எல்லாரும் வாயப் பாத்துதானே பேசறோம், அதனால ஒருத்தருக்கும் தெரியல. அவருக்கே தெரியாதுன்னு நெனைக்கறேன்."

"அப்ப மொதல்ல காது டாக்டராண்டதான் காட்டணும் அத்தே."

"அதான் பாத்தியா. மறதி இல்ல, காதுதான்" என்றாள் கிருஷ்ணம்மாள். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ஆனால் இரண்டொரு நாள் கழித்து இன்னொன்று நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றும் கரண்ட் இல்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தம் கீரைக் காம்பைக் கிள்ளியபடியே கேட்டார்: "ஜெகநாதன் இன்னா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?"

ஜெகநாதன் அவருடைய சிநேகிதர். ஆரணியிலேயே சைதாப்பேட்டைத் தெருவில் வீடு. சின்ன வயதில் இருவரும் ஒரே கொட்டாயில் தறி ஓட்டியவர்கள். போன வருஷம் பங்குனியில் நெஞ்சு வலியில் இறந்துபோனார். பாடையை முன்னால் பிடித்துத் தோள் கொடுத்தவர் சம்பந்தம்.

கிருஷ்ணம்மாள் கீரையைப் பார்த்தாள். "மழ இல்ல, வந்திருக்க மாட்டாரு" என்றாள்.

"ஆமாமா. அவனுக்கு ஒரு தூத்தல் உழுந்தா போதும், தும்மலு வந்துரும்" என்றார் அவர், ரொம்ப சகஜமாக.

கார்த்திகை பிறந்து மழை விட்டதும் தீபா லீவு போட்டாள். அவளும் மாமனார் மாமியாருமாக மூவரும் கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற இடத்தில் கனிமொழி என்று ஒரு பெண் இருந்தாள். நிதானமாகப் பேசுகிறவள். சம்பந்தத்தை ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னாள். வெளியே இருந்த பெட்டியில் அவள் பொத்தானை அழுத்த அழுத்த, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரல் எப்போதாவது ஒருமுறைதான் எழுந்தது. கிருஷ்ணம்மாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறையும், தூக்கு, தூக்கு என்று தன் விரலை அசைத்தாள்.

"நீங்க காட்டாதீங்கம்மா, அவரு உங்களப் பாத்துத் தூக்கிருவாரு" என்று கனிமொழி அவளைத் திருப்பி உட்காரவைத்தாள்.

முடிந்ததும் விளக்கினாள். கட்டையான சத்தம் ஓரளவு கேட்கிறது. மெல்லிய, கூர்மையான சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டது. வருஷக் கணக்கில் தறிச் சத்தத்தில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் குறையும்.

"நான் தொண்ட கிழியக் கத்தறேனே, அதுவும் வெளங்க மாட்டேன்னுதே, எதுக்கோசரம்?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மாள்.

"கத்துனா சத்தம்தான் ஏறும்மா, வார்த்த தெளியாது. பேச்சுல ச, க, த மாதிரி எழுத்தெல்லாம் மெல்லிசு. அது அவருக்கு வந்து சேராது. மிச்சத்த வச்சு அவரா யூகிக்கறாரு. சட்டைன்னாலும் கட்டைன்னாலும் அவருக்கு ஒண்ணுதான்."

"அடக் கடவுளே! அன்னிக்குக் கொடியில இருந்து சட்டைய எடுத்துகினு வாங்கன்னேன். வெறகுக் கட்டைய எடுத்துகினு வந்து நிக்கறாரு. நான் மறந்துட்டாருன்னு இல்ல நெனச்சேன்!"

தீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சம்பந்தமும் சிரித்தார்.

"மறதிக்கும் ஒரு பரீட்ச வைப்பாங்களாமே?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"வைப்பாங்க. இப்ப வேணாம். காது கேக்காதவர உக்காரவச்சுக் கேள்வி கேட்டா, பதில் தெரியலியா, கேள்வியே உழலியான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? மொதல்ல மெஷின் போட்டுப் பழகட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அதத்தாம்மா நானும் கேட்டுகினு இருக்கேன், எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் புரியல."

கனிமொழி எதையோ எழுதிக்கொண்டே கேட்டாள்: "காதுக்குச் சம்பந்தமில்லாம வேற எதனா வித்தியாசமாப் பாத்தீங்களா? பழக்கப்பட்ட ஆளத் தெரியல, நடந்ததே ஞாபகம் இல்ல, அந்த மாதிரி?"

கிருஷ்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இல்லீங்க" என்றாள்.

காதுக் கருவி வந்தது. முதல் நாள் வீட்டில் ஒரே கூத்து. பாலித்தீன் கவர் சரசரத்தால் திரும்பிப் பார்த்தார். பல்லி கத்தினால் நிமிர்ந்து சுவரைத் தேடினார். கிருஷ்ணம்மாள் வழக்கம்போல் பேசத் தொடங்கியதும் முகத்தைச் சுளித்தார். "எதுக்குடி இப்டிக் கத்தற? பக்கத்துலதானே இருக்கேன்."

"இந்த ஊட்டுல கத்தியே பழக்கமாப் போச்சு" என்று அவள் குரலைத் தணித்தாள். தணிந்த தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

கொட்டாய் வாசல்வரை போனவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். கருவியைக் காதிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இம்மாம் சத்தத்துலயாடா நாம இருந்தோம்?" என்றார்.

சதீஷுக்குத் தலைகால் புரியவில்லை. நைனா வாயைத் திறந்து பேசி எவ்வளவு நாளாயிற்று! "பாத்தியாம்மா, நீ சொன்னதுதான். எல்லாம் காதுதான். நைனாக்கு ஒண்ணும் இல்ல" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மாள் கத்திரிக்காய் போட்டு மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தாள். நால்வரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தார்கள். தறி ஓடாத நாள். சோற்றில் குழம்பு ஊற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. சம்பந்தம் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, மனைவியிடம் சொன்னார்:

"ஜெகநாதனுக்கு ஒரு கிண்ணத்துல எடுத்து வையி. சாயங்காலமா வருவான். மொச்சைன்னா உசுரு அவனுக்கு."

சதீஷின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இன்னா நைனா சொல்ற? ஜெகநாதன் மாமாதான் செத்துப்பூட்டாரே. போன வருஷமே."

இந்த முறை அவருக்கு நன்றாகக் கேட்டது. ஒரு எழுத்து தப்பாமல் போய்ச் சேர்ந்தது. அவர் முகத்தில் அது போய்ச் சேர்வதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"எப்போ?" என்றார். "எப்பிடி? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். பாடை தூக்கிய அன்று அவர் இப்படி அழவில்லை.

பாத்திரம் கழுவும்போது தீபா மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தே?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில அந்தக்கா கேட்டாங்களே. ஏன் சொல்லல?"

கிருஷ்ணம்மாள் சட்டியின் அடியை அழுத்தித் தேய்த்தாள். "பதில் வந்துருமேன்னு இருந்துச்சுடி" என்றாள்.

அவர் மறுநாள் மறுபடி கேட்டார். சதீஷ் மறுபடி சொன்னான். மறுபடி அதே அழுகை. மூன்றாம் நாள் சதீஷ் சொல்ல முடியாமல் கொட்டாய்க்குள் போய் மோட்டாரைப் போட்டுக்கொண்டான்.

அடுத்த முறை வேலூருக்கு நால்வருமாகப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். காதுக் கருவியோடு உட்காரவைத்து ஒரு டாக்டர் பொறுமையாகக் கேள்விகள் கேட்டார். ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுப் பேசி, அப்புறம் அதைத் திருப்பிக் கேட்டபோது சம்பந்தம், "நீங்க எதுவும் சொல்லலியே சார்" என்றார், மரியாதையாக.

டாக்டர் குடும்பத்தைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மறதி நோய்தான், ஆரம்ப நிலை என்றார். காதும் உண்மை, இதுவும் உண்மை. ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிருஷ்ணம்மாள் இந்த முறை ஒரு கேள்வியையும் விடவில்லை.

"அப்ப காது மெஷினு தண்டமா சார்?"

"இல்லம்மா. காதும் கேக்காம, நெனப்பும் தப்பிப்போனா மனுஷன் ரெண்டு செவுத்துக்கு நடுவுல மாட்டிக்குவாரு. ஒரு செவுத்த எடுத்துட்டீங்க. இனிமே நீங்க பேசறது அவருக்குப் போய்ச் சேரும். அது பெரிய விஷயம்."

"கொணமாவுமா?"

"முழுசாக் கொணமாக்கற மருந்து இன்னும் இல்ல. கொஞ்சம் தாங்கிப் புடிக்க மாத்திர தரேன். பிரஷரு ஏறாமப் பாத்துக்குங்க. நடக்க வைங்க. நாலு பேருகூடப் பேச வைங்க. ஆபத்தில்லாத வேலையா எதனா கையில குடுங்க, சும்மா உக்கார வைக்காதீங்க."

"என்னையும் மறந்துருவாரா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த நாளும் வரலாம். எப்போன்னு சொல்ல முடியாது. நாளைக்கில்ல."

"லாம்" என்று கிருஷ்ணம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "செத்தவரத் தேடறாரு சார். நெசத்தச் சொன்னா அழறாரு. சொல்லலன்னா பொய் சொன்ன மாதிரி இருக்குது. தெனைக்கும் எழவு சேதி சொல்லிகினே இருக்கணுமா?"

"வேணாம். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் சேதிதான். பொய்யும் சொல்ல வேணாம். அந்த ஆளப் பத்தி அவரப் பேச வைங்க. அவரு கேக்கறது சேதிய இல்லம்மா. அந்த சிநேகிதரத்தான் தேடறாரு."

மாதம் ஒருமுறை இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடிப் பேசுகிற இடம் அங்கேயே இருக்கிறது என்றார். கவலை வந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரும் கொடுத்தார். "இது உங்களுக்கு. பாத்துக்கறவங்க படுத்துட்டா அவரப் பாக்க ஆள் இல்ல" என்றார். தீபா அதைப் போனில் ஏற்றிக்கொண்டு மாமியார் போனிலும் ஏற்றினாள்.

பேசி முடிப்பதற்குள் சதீஷ் மூன்று நான்கு முறை, "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டிருந்தான். டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "நீங்களும் தறியிலதானே? போறதுக்கு முன்னாடி கனிமொழியாண்ட காதக் காட்டிட்டுப் போங்க" என்றார். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இப்போது மகன் உட்கார்ந்தான். கிருஷ்ணம்மாள் இந்த முறை விரலை அசைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சில சத்தங்களுக்கு அவன் விரல் எழவில்லை.

"ஆரம்பிச்சிருக்குது" என்றாள் கனிமொழி. "போனது வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். காதுக்கு மூடி போட்டுகினு வேல செய்யுங்க."

"எங்க கம்பெனியில மெஷினாண்ட போறவங்களுக்கெல்லாம் குடுப்பாங்க. நான் எத்தினி தடவ சொல்லியிருப்பேன்" என்றாள் தீபா.

"நீ சொன்னது எனக்குக் கேக்கலடி" என்றான் சதீஷ். விளையாட்டாகச் சொல்ல நினைத்தது வேறு மாதிரி வெளியே வந்தது. பஸ்ஸில் ஆரணி வரும்வரை அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு வீட்டில் சில காரியங்கள் நடந்தன. சதீஷ் கொட்டாயில், இழை முடிய ஒரு தறியை நிறுத்தினால் அதற்குப் போகிற கரண்டையே தனியாக அணைக்கிற மாதிரி சுவிட்ச் போட்டான். நூல் சுற்றுகிற ராட்டினத்தை முன்னறைக்குக் கொண்டுவந்து நைனாவுக்குப் போட்டுக்கொடுத்தான். அதில் கை மாட்ட ஒன்றும் இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே அவர் சுற்றலாம். காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு அவன் தறியில் நின்ற முதல் நாள் எதிர்வீட்டு விக்னேஷ், "இன்னா சதீஷு, ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?" என்று கிண்டல் செய்தான். வாரம் போவதற்குள் அவனே வந்து, "அது எங்க கெடைக்குது?" என்று கேட்டுக்கொண்டு போனான்.

ஜெகநாதன் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தார், கேள்வியாக.

மார்கழிப் பனி இறங்கிய ஒரு சாயங்காலம் சம்பந்தம் ராட்டினத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். "ஜெகநாதன் வரலியா?"

கிருஷ்ணம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "வந்தா இன்னா பேசுவீங்க ரெண்டு பேரும்?"

அவர் யோசித்தார். முகத்தில் ஒரு குறும்பு வந்தது. "காட்பாடி கதையத்தான் பேசுவோம். உன்னாண்ட சொல்லக் கூடாது."

"ஐய, சொல்லுங்க."

"வேலூருக்கு சினிமா பாக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போனோமில்ல, நம்ம கல்யாணம் ஆன புதுசுல? சினிமாவுமில்ல ஒண்ணுமில்ல. சூரத்துக்கு ரயிலேறப் போனோம். அங்க மில்லுல வேல கெடைக்கும்னு ஒருத்தன் சொல்லியிருந்தான்."

கிருஷ்ணம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் இப்படி ஒரு சேதி அவள் காதுக்கு வந்ததில்லை. ஊரில் எல்லோர் வீட்டுச் சமாசாரமும் கேட்டவள், இதைக் கோட்டை விட்டிருக்கிறாள். "சூரத்துக்கா? என்னை உட்டுட்டா?"

"ரயிலு வந்து நின்னுச்சு. ஜெகநாதன் ஏறி எடம் புடிச்சிட்டான். நான் தண்ணி புடிச்சிகினு வரேன்டான்னு சொல்லிட்டுக் கொழாயாண்ட போனேன்…"

"அப்பால?"

"கொழாயில தண்ணி வந்துகினே இருந்துச்சு."

"ரயிலு இன்னா ஆச்சு?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் அணைந்தது. "எந்த ரயிலு?" என்றார்.

அன்று அவளுக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. மறுநாள் தறிச் சத்தம் கிளம்பியதும் அவரைச் சதீஷ் கண்பார்வையில் விட்டுவிட்டு, சைதாப்பேட்டைத் தெருவுக்கு நடந்தாள். ஜெகநாதனின் மனைவி கீதா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மாள் உட்காரக்கூட இல்லை. "காட்பாடியில இன்னா நடந்துச்சு கீதா? உனக்குத் தெரியுமா?"

கீதா முறத்தைக் கீழே வைத்தாள். முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு இன்னிக்கிதான் தெரியுமாக்கா? அவரு இத்தச் சொல்லாத தீவாளி இல்ல. தண்ணி புடிக்கப் போன அண்ணன் வேற பொட்டியில ஏறியிருப்பாருன்னு நெனச்சு, ரேணிகுண்டா வரைக்கும் ஜன்னலையே பாத்துகினு போனாராம். கொஞ்ச மாசம் இருந்துட்டுத் தாடியும் மீசையுமாத் திரும்பி வந்து, ஏன்டா வரலன்னு கேட்டா, அண்ணன் சொன்னாராம், கொழாயில கூட்டம்டா!"

"கூட்டமாமா!"

"அவ்ளோதானாம். கடைசி வரைக்கும் வேற காரணமே சொல்லலியாம். உம் பொண்டாட்டிய உட்டுட்டு வர மனசில்லன்னு சொல்லேன்டான்னு இவரு கேப்பாராம். இல்லடா, கூட்டம்டான்னே சொல்லுவாராம்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு போனதுக்கப்புறம் அவரப் பத்தி யாரும் என்னாண்ட பேசறதே இல்லக்கா. நான் அழுதுருவேன்னு பயப்படறாங்க. நீங்கதான் வந்து கேட்டீங்க."

கிருஷ்ணம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள். வீட்டில் நடப்பதைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீ ஒரு நாளு ஊட்டுக்கு வாயேன் கீதா. அவரோட ஜெகநாதனப் பத்திப் பேச எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம். ஆனா ஒண்ணு. உன்னாண்டயே கேப்பாரு, ஜெகநாதன் வரலியான்னு. உனக்குத் தாங்குமா?"

கீதா முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆனால் மறுநாள் சாயங்காலம், சதீஷ் மோட்டாரை நிறுத்திய கொஞ்ச நேரத்தில், தூக்குப் பாத்திரத்தில் வேகவைத்த வேர்க்கடலையோடு வந்து நின்றாள். சம்பந்தம் அவளை அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் மலர்ந்தது. அவள் தோளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

"வாம்மா, வா. இன்னா ஒண்டியா வந்திருக்க? ஜெகநாதன் வரலியா?"

கிருஷ்ணம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். கொட்டாயிலிருந்து வந்த சதீஷ் காதுமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டு அப்படியே நின்றான்.

கீதா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். "வரலண்ணா" என்றாள். பாத்திரத்தின் மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். "எனக்கும்தான் பொழுது சாய்ஞ்சா கண்ணு வாசலுக்கே போவுது. அவரு இல்லாத நேரத்துல நீங்க சொல்லுங்க. காட்பாடியில நெசமா இன்னா நடந்துச்சு?"

சம்பந்தம் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "காட்பாடியா? அத்த ஏன் கேக்கற. ரயிலு வந்து நின்னுச்சு. ஒரே கூட்டம். அவன் ஏறி எடம் புடிச்சான். நான் தண்ணி புடிச்சேன். ரயிலு நகருது. ஓடி வந்து தாவி ஏறிட்டேன்."

கீதா கிருஷ்ணம்மாளைப் பார்த்தாள். கிருஷ்ணம்மாள் வந்து தரையில் உட்கார்ந்தாள். இல்லை என்று இருவருமே சொல்லவில்லை.

"ஏறிட்டீங்களா?" என்றாள் கீதா.

"ஏறாம? அவன ஒண்டியாவா உட முடியும்?"

"அப்பால?" என்றாள் கிருஷ்ணம்மாள்.

சம்பந்தம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ரேணிகுண்டா தாண்டியதும் ஜன்னலில் தெரிந்த மலையைச் சொல்லத் தொடங்கினார். அவர் போகாத வழி அது. அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.